சுற்றுவட்டம், ரோட்டரி, ட்ராபிக் சேர்க்கிள்: யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாராம். பொஸ்டனில் இருக்கும் மாமா ‘ரோட்டரி’ என்கிறார், நியூ ஜேர்சியில் இருக்கும் சித்தப்பா ‘ட்ராபிக் சேர்க்கிள்’ என்கிறார், நாங்கள் சுற்றுவட்டம் என்கிறோம். மூன்றும் ஒன்றுதானா, ஒன்றென்றால் ஏன் ஆளுக்கொரு விதமாக ஓட்டச் சொல்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. வீதி வேலைகளில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, மூன்றும் ஒன்றல்ல. மேலிருந்து பார்த்தால் மூன்றிலும் நடுவில் ஒரு திட்டு, சுற்றி ஒரு வீதி, அவ்வளவுதான் தெரியும். வித்தியாசம் வட்டத்தின் வாசலில் இருக்கிறது. உள்ளே நுழைய வருபவர் நிற்க வேண்டுமா, அல்லது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர் நிற்க வேண்டுமா? நுழையும்போது வீதி உங்களை வளைத்து வேகத்தைக் குறைக்கிறதா, அல்லது வந்த வேகத்திலேயே வழுக்கி உள்ளே போக விடுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

முதல் கேள்விதான் பெரியது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

வாகனங்களை ஒரே திசையில் வட்டமாகச் சுற்ற விடலாம் என்ற யோசனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. நியூயோர்க்கின் கொலம்பஸ் சேர்க்கிளில் 1905இல் வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ என்பவரின் திட்டப்படி ஒருவழிச் சுற்று நடைமுறைக்கு வந்தது. பாரிஸில் ஆர்க் டி ட்ரையம்ஃப் நிற்கும் இடத்தில், யூஜின் ஏனார் முன்வைத்த யோசனைப்படி 1907இல் வந்தது. இங்கிலாந்தில் லெச்வேர்த் என்ற ஊரில் 1909இல் முதலாவது வட்டம் கட்டினார்கள். ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்பது விளங்கிவிட்டது. ஆனால் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை யாரும் சரியாகத் தீர்க்கவில்லை. அதைத் தீர்க்க அறுபது வருடம் சென்றது.

அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் வாகனம் வீதியின் வலப்பக்கமாக ஓடும். சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடு என்பது அங்கே பழைய பொது விதி. அந்த விதியை அப்படியே வட்டத்துக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் கீறிப் பாருங்கள். வலப்பக்கமாக ஓடும் நாட்டில் வட்டம் இடஞ்சுழியாகச் சுற்றும். சுற்றிக்கொண்டிருக்கும் சாரதிக்கு, புதிதாக நுழைய வரும் வாகனம் வலப்பக்கத்தில்தான் தெரியும். ஆக, உள்ளே இருப்பவர் நின்று, வெளியிலிருந்து வருபவரை உள்ளே விட வேண்டும். வாகனம் குறைவாக இருக்கும்வரை இதனால் பிரச்சினை இல்லை. கூடியதும் வட்டம் நிரம்பிவிடும். உள்ளே இருப்பவர் வெளியேறும் வாய்க்கு, அதாவது அவருடைய வீதி வட்டத்தோடு சேரும் இடத்துக்கு, போக முடியாது, ஏனென்றால் இடையில் இன்னொரு வாய் இருக்கிறது, அங்கேயும் அவர் நிற்க வேண்டும். அவர் வெளியேறாததால் பின்னால் இடம் வராது. ஆனால் வெளியிலிருந்து வருபவருக்கு உரிமை இருப்பதால் அவர் மேலும் மேலும் உள்ளே திணிப்பார். கொஞ்ச நேரத்தில் முழு வட்டமும் இறுகி ஒரு வாகனமும் அசையாது. நிறைந்த பஸ்ஸில் இறங்குபவர்களுக்கு வழி விடாமல் எல்லோரும் ஒரேயடியாக ஏறினால் நடப்பது இதுதான். 1940, 50களில் அமெரிக்காவில் பழைய வட்டங்கள் மேல் வெறுப்பு வந்து, புதிதாகக் கட்டுவதை ஏறக்குறைய நிறுத்தியதற்கு இந்த இறுக்கமும் விபத்துகளும்தான் காரணம்.

இங்கிலாந்தில் அப்போது வட்டத்துக்கென்று தெளிவான முன்னுரிமை விதியே இல்லை. அங்கேயும் பெரிய வட்டங்கள் இறுகின, பொலிஸார் இறங்கிக் கை காட்ட வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் வீதி ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஃபிராங்க் பிளாக்மோர் போன்ற பொறியியலாளர்கள் வேறொன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே சுற்றுபவருக்கு உரிமை கொடு, வெளியிலிருந்து வருபவரைக் கோட்டில் நிறுத்து, இடைவெளி கிடைத்ததும் அவர் நுழையட்டும். 1966 நவம்பரில் இது நாடு முழுவதற்கும் விதியானது. அன்று பிறந்ததுதான் இன்று உலகம் ‘நவீன சுற்றுவட்டம்’ என்று சொல்வது. கொன்கிறீட்டில் ஒன்றையும் மாற்றாமல், யார் காத்திருப்பது என்பதை மட்டும் மாற்றி ஒரு சந்தியை உயிர்ப்பிக்கலாம் என்று காட்டிய அந்த வேலையை, வீதிப் பொறியியலில் நான் மிகவும் மதிக்கிறேன்.

இங்கிலாந்தில் இந்த விதியை ‘வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடு’ என்றுதான் எழுதினார்கள். இலங்கையிலும் நாங்கள் அப்படித்தான் படிக்கிறோம். பிரான்ஸின் பழைய விதியும் அதே சொற்கள்தான். ஆனால் பலன் நேர் எதிர். நாங்கள் இடப்பக்கமாக ஓடுகிறோம், எங்கள் வட்டம் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஆகவே வாசலில் நிற்கும் எங்களுக்கு வலப்பக்கமாகத் தெரிபவர் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர். அவருக்கு நாங்கள் நிற்கிறோம், வட்டம் இறுகாமல் ஓடுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்டுக் குழம்பும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். பரீட்சைக்குப் போகும்போது இடம் வலம் என்று மனப்பாடம் செய்யாமல், ‘உள்ளே இருப்பவருக்கு முதலிடம்’ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த நாட்டு நவீன சுற்றுவட்டத்துக்கும் பொருந்தும்.

பிரான்ஸும் 1980களில் தன் சுற்றுவட்டங்களுக்கு இந்த விதியை எடுத்துக்கொண்டது. இன்று அங்கே 30,000க்கு மேற்பட்ட சுற்றுவட்டங்கள் இருக்கின்றன. ஆர்க் டி ட்ரையம்ஃபைச் சுற்றி 12 வீதிகள் வந்து சேரும் அந்த இடத்தில் இன்னும் பழைய வழக்கம்: நுழைபவருக்கு உரிமை, உள்ளே இருப்பவர் நிற்க வேண்டும். அமெரிக்காவில் முதலாவது நவீன சுற்றுவட்டங்கள் 1990இல் நெவாடா மாநிலத்தின் சம்மர்லின் பகுதியில் வந்தன. இந்தியானா மாநிலத்தின் கார்மல் என்ற நகரில் இன்று 150க்கு மேல் இருக்கின்றன, சமிக்ஞை விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அந்த இடங்களில் கட்டியிருக்கிறார்கள்.

சரி, இனி இரண்டாவது கேள்வி, வட்டத்தின் உருவம்.

பழைய ரோட்டரியைக் கட்டியவர்களின் கணக்கு வேறு. நுழையும் வாகனமும் வெளியேறும் வாகனமும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து தடம் மாற நீண்ட இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். இரண்டு வாய்களுக்கு இடைப்பட்ட அந்தத் துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஆகவே வட்டத்தைப் பெருப்பித்தார்கள், விட்டம் 100 மீற்றரையும் தாண்டியது. பெரிய வட்டத்தில் வளைவு குறைவு, அதனால் 50 கிலோமீற்றருக்கு மேலான வேகத்திலும் சுற்றலாம். அந்த வேகத்தில் தடம் மாறுவது ஆபத்து. ஆபத்தைக் குறைக்க இன்னும் நீளமாக்கினார்கள், வேகம் இன்னும் கூடியது. இந்தியாவின் பொறியியல் பாடப்புத்தகங்களில் இந்தக் கணக்கை இன்றும் காணலாம். அங்கேயும் ரோட்டரி என்ற பெயர்தான். தமிழ்நாட்டில் மக்கள் ரவுண்டானா என்பார்கள்.

உள்ளே இருப்பவருக்கு உரிமை என்று ஆனதும் அந்த நீளம் தேவையில்லாமல் போய்விட்டது. வாசலில் நின்று இடைவெளி பார்த்து நுழைவதற்கு எதற்கு 100 மீற்றர்? ஒரு தடச் சுற்றுவட்டத்துக்கு வெளிவிட்டம் சுமார் 27 மீற்றரிலிருந்து 55 மீற்றர்வரை போதும். சிறுசு நல்லது, ஏனென்றால் வளைவு கூடும், வளைவு கூடினால் வேகம் தானாகவே 30, 40க்கு இறங்கும். இதற்காகவே வாசலில் வீதியைக் கொஞ்சம் வளைத்து, வரும் வாகனம் மையத்திட்டை நேராகத் தாண்டிப் போக முடியாதபடி செய்வார்கள். நுழையும் தடத்தையும் வெளியேறும் தடத்தையும் பிரிக்க முக்கோண வடிவில் ஒரு திட்டு இருக்கும். பாதசாரி ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனத்தை மட்டும் பார்த்துக் கடந்து, அந்தத் திட்டில் நின்று, அடுத்த பக்கத்தைக் கடக்கலாம். பாதசாரிக் கடவை வழிவிடும் கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கார் நீளம் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். கோட்டில் நிற்கும் சாரதி வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கு முன்னால் ஆட்களை நடக்க விடக்கூடாது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? 60இல் போகும் வாகனத்தின் மோதல் சக்தி 30இல் போவதைப் போல நான்கு மடங்கு. அதோடு சாதாரண நாற்சந்தியில் வாகனப் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32, அதில் 16 புள்ளிகள் குறுக்கே வெட்டுபவை. ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் குறுக்கு மோதல். ஒரு தடச் சுற்றுவட்டத்தில் மொத்தமே 8 புள்ளிகள்தான், குறுக்கே வெட்டுவது ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் சுற்றுவட்டமாக மாற்றிய 24 சந்திகளை ஆராய்ந்தபோது காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 76 வீதம் குறைந்திருந்தன. உரசல்கள் நடக்கும், கண்ணாடி உடையும், பம்பர் நசுங்கும். ஆள் வீட்டுக்குப் போவார்.

இனி உங்கள் மாமாவும் சித்தப்பாவும். மாமா இருக்கும் மசாசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி ரோட்டரிக்குள் இருப்பவருக்குத்தான் உரிமை. ஆகவே விதி புதியது. ஆனால் அங்குள்ள பல ரோட்டரிகளின் உடம்பு பழையது, பெரிசு, வேகமானது. விதியைப் பார்த்தால் எங்களுடையதைப் போல, ஓட்டும் அனுபவத்தில் வேறு. சித்தப்பா இருக்கும் நியூ ஜேர்சியில் 1920களிலிருந்து கட்டிய வட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் எப்படி நுழைவது, எப்படி வெளியேறுவது என்பதற்கு மாநிலம் முழுவதற்குமான நிலையான விதி கிடையாது என்று அவர்களுடைய சாரதிக் கையேடே சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் பலகையைப் பார்க்க வேண்டும், சில இடங்களில் பெரிய வீதியில் வருபவர் நிற்காமலே உள்ளே போவார். அதனால் சித்தப்பா சொன்னது அவர் ஊருக்குச் சரி, இங்கே வந்து அப்படி ஓட்டினால் ஆபத்து. வொஷிங்டனில் உள்ள டூப்பொன்ட் சேர்க்கிள் போன்றவை இன்னொரு இனம். அழகுக்காகப் போட்ட பெரிய வட்டம், உள்ளே பூங்கா, வாகனத்தை நடத்துவது சமிக்ஞை விளக்கு. உருவம் வட்டம், வேலை சாதாரண விளக்குச் சந்தியின் வேலை. இதையும் சேர்க்கிள் என்பார்கள். சியாட்டில் நகரத்தின் குடியிருப்பு வீதிகளில் இருக்கும் 1,000க்கு மேற்பட்ட குட்டித் திட்டுகளையும் அப்படித்தான் சொல்வார்கள், அவற்றின் வேலை வேகத்தைக் குறைப்பது மட்டுமே.

நியூயோர்க் மாநிலத்தின் கிங்ஸ்டன் நகரத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பழைய பெரிய ட்ராபிக் சேர்க்கிள் ஒன்றின் உள்ளேயே, அதைவிட மிகச் சிறிய நவீன சுற்றுவட்டத்தைக் கட்டினார்கள். பழையதும் புதியதும் ஒரே படத்தில் தெரியும்படி மேலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. கிடைத்தால் பாருங்கள், நான் இவ்வளவு எழுதியதை அந்த ஒரு படம் சொல்லும்.

எங்கள் ஊருக்கு வருவோம். சந்தியின் நடுவில் ஒரு சிலையோ மணிக்கூட்டுக் கோபுரமோ இருந்தால் அதை எல்லோரும் சுற்றுவட்டம் என்று சொல்லிவிடுகிறோம். வழிவிடும் கோடும் இல்லை, வாசலில் வளைவும் இல்லை என்றால் அது சந்தியில் நிற்கும் ஒரு தூண் மட்டுமே, அங்கே கூடுதல் கவனம் வேண்டும். திருகோணமலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மானும் மாடும் நகரத்துக்குள் தாராளமாகத் திரிகின்றன. நிழலும் புல்லும் உள்ள மையத்திட்டு என்றால் அவை அங்கே போய்ப் படுத்துவிடும், எழும்பும்போது பார்த்து எழும்பாது. 30க்கு மேல் போகக்கூடாது என்பதற்கு எங்கள் ஊரில் இது போதுமான காரணம்.

சீனக்குடாப் பக்கம் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருப்பதால் நீண்ட லொறிகளும் ட்ரெய்லர்களும் எப்போதும் எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. நீண்ட வாகனம் வளையும்போது அதன் பின்சில்லுகள் முன்சில்லுகள் போன வழியில் போவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். நல்ல சுற்றுவட்டத்தில் மையத்திட்டைச் சுற்றி, கொஞ்சம் உயர்த்திய கல் பதித்த ஒரு வளையம் விட்டிருப்பார்கள். கார் அதில் ஏற விரும்பாது, லொறியின் பின்சில்லு ஏறிப் போகலாம். அதைக் கண்டு ‘ஓடுபாதை’ என்று நினைத்து மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் லொறிக்கும் திட்டுக்கும் இடையில் விடாதீர்கள், தம்பி. லொறி பக்கத்தில் நுழையவே வேண்டாம், பின்னால் நில்லுங்கள்.

ஓட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடப்பக்கம் திரும்புவதென்றால் இடது சிக்னலோடு இடது தடத்தில் வாருங்கள். நேரே என்றால் வரும்போது சிக்னல் வேண்டாம், உங்கள் வாய்க்கு முந்திய வாயைத் தாண்டியதும் இடது சிக்னல். வலப்பக்கம் என்றால் வலது சிக்னலோடு வந்து, மையத்திட்டை ஒட்டிச் சுற்றி, முந்திய வாயைத் தாண்டியதும் இடது சிக்னலுக்கு மாற்றுங்கள். வெளியேறும் சிக்னலை இங்கே பெரும்பாலானோர் போடுவதே இல்லை. அதனால் வாசலில் நிற்பவர், நீங்கள் போய்விடுவீர்களா, சுற்றுவீர்களா என்று தெரியாமல் வீணாகக் காத்திருக்கிறார், அல்லது தவறாக ஊகித்துக் குறுக்கே பாய்கிறார். வலப்பக்கம் போக வேண்டிய மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் முழுவட்டம் சுற்றச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வெட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மற்றவர் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, பார்க்கவேண்டிய தேவையே இல்லாதபடிதான் வட்டத்தை அமைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வெளியேறும் வாய். பஸ் தரிப்பிடம், ஓட்டோ நிறுத்தம், மீன் வண்டில் எதுவும் அந்த வாயில் இருக்கக்கூடாது. உள்ளே இருப்பவருக்கு உரிமை கொடுத்ததே அவர் விரைவில் வெளியேறுவார் என்ற நம்பிக்கையில்தான். வாயை அடைத்தால் 1950களின் அமெரிக்க வட்டம்போல இதுவும் இறுகும், விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உதவாது.

எல்லாச் சந்திக்கும் சுற்றுவட்டம் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வீதியில் மட்டும் வாகனம் வெள்ளமாக வந்து மற்ற வீதிகளில் குறைவென்றால், அந்த வெள்ளம் இடைவெளியே கொடுக்காது, சின்ன வீதிக்காரர் நின்றபடியே நிற்பார். பல தடங்கள் உள்ள பெரிய வட்டங்களில் சைக்கிள்காரருக்கும் கண்பார்வை இல்லாதவருக்கும் சிரமம் அதிகம். கொழும்பில் கண் வைத்தியசாலைக்கு முன்னால் இருக்கும் லிப்டன் சுற்றுவட்டம் போன்ற இடங்களில் ஓடிப் பழகாமல் புதுச் சாரதி தனியாகப் போகாமல் இருப்பது நல்லது. ஆனால் நடுத்தர அளவுப் போக்குவரத்து உள்ள எங்கள் ஊர் போன்ற இடத்துக்கு ஒரு தடச் சுற்றுவட்டத்தைவிடப் பாதுகாப்பான சந்தி இல்லை என்பது என் உறுதியான கருத்து. மின்சாரமும் வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது விளக்குச் சந்திகள் இருளில் கிடந்தன, சுற்றுவட்டங்கள் வழமைபோல ஓடின. இடமில்லை என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. நடுவில் பெயின்ட் அடித்த, சற்றே மேடான ஒரு குமிழ் மட்டும் வைத்த மினி சுற்றுவட்டத்தையும் பிளாக்மோர்தான் கொண்டுவந்தார். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போதும் அது தடையாக இராது, மேலாலேயே போகலாம். இங்கிலாந்தின் சுவிண்டன் நகரத்தில் 1972இல் அப்படிப்பட்ட ஐந்து மினி வட்டங்களை ஒன்றாகக் கோர்த்து, நடுவில் எதிர்த்திசையில் சுற்றும் ஆறாவது வட்டத்தோடு ஒரு சந்தியே அமைத்தார்கள், இன்றும் ஓடுகிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் செய்முறைப் பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் தேவையானது. நீங்கள் வட்டத்துக்குள் இருக்கும்போது பின்னால் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உள்ளே நிற்காதீர்கள். நின்றால் அம்புலன்ஸும் உங்களோடு சேர்ந்து அடைபடும். அடுத்த வாயால் வெளியேறுங்கள், அது உங்கள் வாயாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாயைத் தாண்டி, இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். நீங்கள் இன்னும் நுழையவில்லை என்றால் கோட்டிலேயே நின்று அதைப் போகவிட்டு, பிறகு வலப்பக்கம் பார்த்து நுழையுங்கள்.